மாமா மட்டும் வாசிக்க

அம்பாசமுத்திரம்,
பரிதாபி வருஷம் மாசி மாதம் 12ஆம் தேதி,
ஞாயிற்றுக்கிழமை.

மாமா அவர்களின் பாதங்களுக்கு மருமகள் பார்வதி வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், உடன் வேலை பார்க்கும் கிரேஸும், நாற்பத்தொரு பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். வண்ணார்பேட்டையில் தங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா, கம்பு ஊன்றாமல் கொல்லைவரை நடக்க முடிகிறதா என்பதைத் தெரியப்படுத்த வேண்டும். நொச்சியிலை ஒத்தடத்தை விட்டுவிட வேண்டாம்.

இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் வைத்திருக்கிறேன். இப்போது தங்கள் கையில் இருப்பது தங்களுக்கு மட்டும். தயவுசெய்து மனசுக்குள்ளேயே வாசியுங்கள். மடித்து வைத்திருக்கும் இன்னொரு தாளை வழக்கம்போல் உரக்க வாசிக்கலாம். மாமாவுக்குக் கட்டளை போட இவள் யார் என்று கோபிக்க வேண்டாம். நேற்று நடந்ததைச் சொன்னால் தங்களுக்கே விளங்கும்.

நேற்றுப் பகல் மூன்று மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. போன மாதக் கடிதத்திலேயே தேதி குறிப்பிட்டுத் தங்களை வரவேண்டும் என்று எழுதியிருந்தேன். கால் இடம் கொடுக்கவில்லை என்று தாங்கள் பதில் போட்டதும் எனக்கு இரண்டு நாள் எதிலும் மனம் ஓடவில்லை. நான் இந்த ஊருக்கு வந்த ஐந்து வருஷத்தில் இப்படி ஒரு விழா நடப்பது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தை நடத்தும் ஐயம்பெருமாள் பிள்ளை அவர்கள் வாசலில் பெரிய பந்தல் போட்டு, கூந்தல் பனைக் குலையும் வாழையும் கட்டிக் கல்யாண வீடுபோல ஆக்கிவிட்டார்கள். பரிசு கொடுக்க இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதாக ஏற்பாடு. அவர்கள் துரைசானி என்றாலும் தமிழ் நன்றாகவே பேசுவார்கள்.

ஒரு மாதமாகப் பிள்ளைகள் கும்மியும் கோலாட்டமும் பழகிப் பழகித் தெருவே அதிர்ந்தது. பிசான நெல் அறுப்பு நடக்கிற சமயம். அறுப்புக்குப் போகும் வீடுகளில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். இந்த வருஷம் அப்படி நின்றவர்கள் மூன்றே பேர். இதை எழுதும்போதே எனக்குக் கர்வமாக இருக்கிறது.

ஆனால் விழாவுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு சங்கடம் வந்தது. பரிசு வாங்கும் பிள்ளைகளுக்குத் தலையில் பூச்சரம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு மேடைக்கு அனுப்புவதாக நான்தான் யோசனை சொல்லியிருந்தேன். பிள்ளைகளின் தாய்மார்கள் நாலைந்து பேர் ஐயம்பெருமாள் பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். முன்னால் நின்று பேசியவள் எங்கள் கோமுவின் தாயார். "நல்ல நாளும் அதுவுமா, வெள்ளைச்சேலை கட்டினவ கையால எம் பிள்ளை தலையில பூ வைக்கணுமா? பாடஞ் சொல்லட்டும், வேண்டாங்கல. பந்தல்ல வந்து முன்னால நிக்கப்பிடாது" என்று சொன்னாளாம்.

பிள்ளை அவர்கள் நல்லவர்கள். என்னைக் கூப்பிட்டுச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. முற்றத்து வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். நான் முன் அறைக்குள்ளேயே இருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினால் போதும், பூ வைப்பதையும் பந்தலையும் கிரேஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். கிரேஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் நானும் வெளியே வரமாட்டேன் என்றாள். நான்தான் அவளைச் சமாதானம் செய்தேன். பத்துப் பிள்ளைகளை அவர்கள் நிறுத்திவிட்டால் பள்ளிக்கூடம் என்னவாகும்? ஒரு நாள் கதவுக்குப் பின்னால் இருப்பது எனக்கு ஒன்றும் புதிது இல்லையே. தங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் இரண்டு வருஷம் இருந்தவள்தானே நான். இதைக் குறையாக எழுதவில்லை மாமா. நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று இரண்டரை மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்துவிட்டது. நான் முன் அறையில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றிருந்தேன். பெயர்ப் பட்டியல் என் கையில். பிள்ளைகள் எனக்குப் பின்னால் சுவரோரமாக வரிசையில். பெண் ஒருத்திக்குக் கோலாட்டக் கழி உடைந்துவிட்டது என்று அழுகை. அதை நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பக்கத்துப் பின்வாசல் வழியாக யாரோ உள்ளே வந்தார்கள். ஏதோ ஒரு பிள்ளையின் ஆச்சி வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலை நிமிர்ந்தேன்.

நம் அத்தை நின்றார்கள்.

மாமா, மாசி மகத்துக்குப் பாபநாசத்தில் தீர்த்தமாடப் போகிறேன் என்று சொல்லி, எதிர்வீட்டு ஞானம்பாள் மதினியோடு வியாழக்கிழமை ரயில் ஏறினார்கள் அல்லவா? தீர்த்தமாடியது உண்மை. வெள்ளிக்கிழமையே அது முடிந்துவிட்டது. சனிக்கிழமை எங்கே போயிற்று என்று தாங்கள் கேட்டிருந்தால், வண்டி கிடைக்கவில்லை என்று பதில் வந்திருக்கும்.

நான் அத்தையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது. தாங்கள் என்னைப் பாளையங்கோட்டைப் போதனா பள்ளியில் உபாத்தியாயினிப் படிப்புக்குச் சேர்க்க வண்டி கட்டிய அன்றைக்கு அத்தை வாசலுக்கு வரவில்லை. அதற்கு முந்தின இரண்டு வருஷமும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே பிள்ளையை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு, அவர் கட்டி அழைத்து வந்தவளைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயால் முடியும்? நான் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. ஆனால் பயம் இருந்தது. நேற்றும் இருந்தது. கீழே விழுந்து வணங்கக்கூடத் தோன்றாமல் உடைந்த கழியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அத்தை அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "ஏட்டி, அந்த இசக்கித்தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. மார்கழி மாதம் எழுதிய கடிதத்தில், இசக்கித்தாய்க்கு எட்டு நாளாகக் காய்ச்சல், கஞ்சி இறங்கவில்லை என்று எழுதியிருந்தேன். அடுத்த கடிதத்தில் விழாச் செய்தியை எழுதும் மும்முரத்தில் அவள் பிழைத்தாளா என்பதை எழுத மறந்துபோனேன். அத்தை அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வரிசையில் மூன்றாவதாக நின்ற இசக்கித்தாயைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். அத்தை அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "எலும்பும் தோலுமால்லா இருக்கா. ராத்திரி பாலு குடிக்கியாளா?" என்று கேட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. "இதுல வாய் ஓயாதவ கோமு எது?" என்றார்கள். "பச்சை நூலுதான் வேணும்னு அடம்பிடிச்ச ஆபிதா பீவி?" என்றார்கள். "தங்கச்சியை இடுப்புல சுமந்துக்கிட்டே கணக்குப் போடுதவ இன்னும் வரலியா?" என்று வாசலைப் பார்த்தார்கள். ஐந்து வருஷமாக நான் எழுதிய பிள்ளைகள் ஒருத்தி விடாமல் அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. போன வருஷம் கல்யாணம் ஆகிப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோனவளின் பெயரைச் சொல்லி, அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட விசாரித்தார்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, அத்தை கொஞ்சம் கோபமாகவே சொன்னார்கள்: "அவுக கடுதாசி வாசிச்சா அடுக்களை வரைக்கும் கேக்குல்லா. நான் காதை எங்கன கொண்டு வைக்க?"

மாமா, பதிவு ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தீர்கள். எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர்களுக்கே தங்கள் குரல் கேட்காது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தாங்கள் என் கடிதத்தை மட்டும் அடுக்களை வரைக்கும் கேட்கும்படி வாசித்தீர்கள். மாதம் ஒன்றாக ஐந்து வருஷம். அத்தையை ஒரு நாளாவது கூப்பிட்டு உட்காரவைத்ததும் இல்லை, காதில் விழுந்ததா என்று கேட்டதும் இல்லை.

விழா தொடங்கிவிட்டது. அத்தையும் நானும் கதவு இடுக்கில் ஒருவருக்குப் பின் ஒருவராக நின்று பார்த்தோம். கும்மியில் கோமு அடியை மாற்றிப் போட்டாள். ஆனாலும் வாய் ஓயாமல் பாடியதால் யாரும் கவனிக்கவில்லை. ஆபிதா பீவி தைத்த கைக்குட்டையை இன்ஸ்பெக்டர் அம்மாள் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். முன்பக்கம் போலவே பின்பக்கமும் முடிச்சு இல்லாமல் இருந்தது. அத்தை, "அதான் பச்சை நூலு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுடலைவடிவு வந்து சேர்ந்தாள். தாய் அறுப்புக்குப் போய்விட்டாளாம். எட்டு மாதத் தங்கை இடுப்பில். சட்டையில் வைக்கோல் தூசி. "டீச்சரம்மா, பைய வந்தா இது முழிக்காதுன்னு நடந்து வந்தேன்" என்றாள். அவள் பெயரை அப்போதுதான் வெளியே கூப்பிட்டார்கள். குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று விழித்தாள். அத்தை கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். "போளா, கூப்பிடுதாகல்லா" என்றார்கள்.

மனக்கணக்குக்குப் பரிசு என்பதால் இன்ஸ்பெக்டர் அம்மாள் சபையிலேயே ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஏழு கோட்டை ஐந்து மரக்கால் நெல்லை நாலு பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும், கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். பந்தலில் இருந்த ஆண்கள் விரலை மடக்கத் தொடங்குவதற்குள், "ஆளுக்கு ஒரு கோட்டை பதினேழு மரக்கால்" என்றாள். அதோடு விடாமல், "இது அறுப்புக்கூலி போகவா, கூலியும் சேத்தா?" என்று கேட்டாள். பந்தல் முழுதும் சிரிப்பு. நிலக்காரர்கள் நாலு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை சிரித்தார்கள் மாமா. அவர்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க சிவசைலத்துக்குக் கணக்கே வராது. மூணு வாத்தியாரு மாத்தியும் வரல" என்றார்கள். அவர்கள் வாயால் தம் பிள்ளையின் பெயரை நான் கேட்டது நேற்றுத்தான். அவரோடு நான் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. எனக்குப் பதினான்கு வயது, வெட்கத்தில் முகம் பார்த்துப் பேசியதும் இல்லை. அவருக்குக் கணக்கு வராது என்பதை ஒன்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அதை யாரோ எனக்குக் கொடுத்த சொத்துப்போல வைத்திருக்கிறேன்.

பரிசை நீட்டிய இன்ஸ்பெக்டர் அம்மாள், இவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த தலைமை உபாத்தியாயினி எங்கே, வந்ததிலிருந்து பார்க்கவில்லையே என்று கேட்டார்கள். பிள்ளை அவர்கள் உள்ளே வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். சுடலைவடிவு திரும்பிப் பார்த்து, "அன்னா, கதவுக்குப் பொறத்தால நிக்காக" என்று கையை நீட்டிவிட்டாள்.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். நான் பின்னால் நகர்ந்தேன். என் முதுகு அத்தைமேல் இடித்தது. அத்தை நகரவில்லை. இடுப்பில் குழந்தையோடு என்னைத் தாண்டிக் கை நீட்டிக் கதவை நன்றாகத் திறந்துவிட்டு, "போ ஏட்டி. ஒம் பிள்ளைக தேடுதுல்லா" என்றார்கள்.

போனேன். ஏழெட்டு அடி தூரம்தான். என் வெள்ளைச்சேலையை அவ்வளவு பேர் பார்த்தது நேற்றுத்தான் என்று தோன்றியது. இரண்டு பேர் தங்கள் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கோமுவின் தாயார் எழுந்திருக்கப் போனாள். அதற்குள் கோமு மேடையிலிருந்து குதித்து ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு வைத்த பூ அவிழ்ந்துவிட்டது, திரும்ப வைத்துவிடுங்கள் என்று தலையைக் காட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் தாயாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சீக்கிரம் வச்சுவிடுங்க டீச்சர், கோலாட்டத்துக்கு நேரமாச்சு" என்றாள். வைத்தேன்.

விழா முடிந்து பந்தல் காலியாகும்வரை அத்தை அறைக்குள்ளேயே இருந்தார்கள். என் கையால் மோர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்கள். நான் படுக்கும் இடம், சமைக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அடுப்பு தெற்குப் பார்த்து இருக்கிறது, மாற்று என்றார்கள். ஐந்தரை மணி ரயிலுக்கு நான் ஸ்டேஷன்வரை கூடப் போனேன். ஞானம்பாள் மதினி அங்கே மூட்டையோடு காத்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் அத்தை என்னிடம், "அவுககிட்ட எழுதிராத. வந்தேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே சொன்னேம்லான்னு ஆரம்பிப்பாக" என்றார்கள்.

எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். தங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கம் இல்லை. ஆகையால் தாங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். கேட்கவும் வேண்டாம். பாபநாசத்தில் தண்ணீர் எப்படி என்று மட்டும் கேளுங்கள்.

நூறு பேர் சொன்ன பேச்சைத் தாங்கி, தாலி அறுத்த மருமகளைப் படிக்கவைத்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல இத்தனை நாளும் எனக்குத் துணிவு வரவில்லை. அதைவிடப் பெரியது அடுக்களைவரை கேட்ட தங்கள் வாசிப்பு; அந்தக் கணக்கு நேற்றுத்தான் தெரிந்தது. எங்கள் சுடலைவடிவைக் கேட்டால்கூடப் பங்கு பிரித்துச் சொல்லமாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் மகளாக இருக்கும்
பார்வதி.

*

(இதை உரக்க வாசிக்கலாம்.)

அம்பாசமுத்திரம்,
மாசி 12.

மாமா அவர்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் பார்வதியின் வணக்கம். எங்கள் பரிசளிப்பு விழா ஈசுவர கிருபையால் நேற்று நல்லபடியாக நடந்தது. வந்திருந்த பெரியவர்கள் பிள்ளைகளை ஆசீர்வதித்தார்கள்.

சுடலைவடிவுக்கு மனக்கணக்கில் முதல் பரிசாகப் பாவாடைத்துணி கிடைத்தது. சாயங்காலம் அதைத் தாயிடம் காட்ட வயற்காட்டுக்கே ஓடியிருக்கிறாள். அவள் தாயார் இன்று காலை அரிவாளும் கையுமாக வந்து வாசலில் நின்று, நேற்று என் சின்ன மகளை வைத்திருந்த மகராசி யார், ஒரு தடவைகூட அழவில்லையாமே என்று கேட்டுப் போனாள். எங்களுக்கு வேண்டியவர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆபிதா பீவிக்குத் தையல் பெட்டி. கோமுவுக்குப் பாட்டுக்காக ஒரு பொம்மை. பொம்மைக்கு இன்று காலைக்குள் மூன்று பெயர் மாற்றிவிட்டாள். இசக்கித்தாய்க்குப் பரிசு எதுவும் இல்லை. காய்ச்சலில் ஒரு மாதம் வராதவளுக்கு எப்படிக் கொடுப்பது? ஆனாலும் கோலாட்டத்தில் கடைசிவரை நின்று ஆடினாள். உடம்பு தேறி வருகிறது. ராத்திரி பால் கொடுக்கும்படி அவள் வீட்டில் சொல்லியிருக்கிறேன். இனிமேல் எந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தாலும், குணமான செய்தியை எழுதாமல் விடமாட்டேன்.

விழாவுக்கு நடுவே எழுந்து போன இரண்டு வீடுகளில் ஒரு வீட்டிலிருந்து, நாளைக்குப் பிள்ளை வருவாள் என்று ஆள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் வரமாட்டாள் என்றுவிட்டார்கள். அவள் நன்றாக எழுதுகிற பிள்ளை. எனக்கு வருத்தம்தான். கிரேஸ் நாளைக்கு அவள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் பார்வையாளர் புத்தகத்தில், வருகிற வருஷம் இங்கே ஐந்தாம் வகுப்பு திறக்கச் சிபாரிசு செய்வதாக எழுதியிருக்கிறார்கள். இதுவரை நாலாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும். சுடலைவடிவின் தாயாரிடம் சொன்னேன். ஒரு வருஷமா என்று யோசித்துவிட்டு, சின்னது அதற்குள் நடந்துவிடும், அனுப்புகிறேன் என்றாள்.

சித்திரை மாதம் முழுதும் பள்ளிக்கூடம் விடுமுறை. கிரேஸ் தன் தாயாரைப் பார்க்கச் சாத்தான்குளம் போகிறாள். போன நாலு விடுமுறையும் நான் இங்கேயே தனியாக இருந்து பழகிவிட்டேன். இந்தத் தடவை இங்கே இருக்க மனம் ஒப்பவில்லை. மாமாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. அடுக்களையில் கூடமாட வேலை செய்யவும் நான் மறந்துவிடவில்லை. வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் காலை ரயிலில் புறப்பட்டால் பகலுக்குள் வண்ணார்பேட்டை வந்துவிடலாம்.

வரலாமா, கூடாதா என்பதை வீட்டில் யார் சொல்ல வேண்டுமோ அவர்கள் சொல்லட்டும். சொல்வதை அப்படியே மாமா எழுதி அனுப்பவேண்டும். அந்த வார்த்தை எதுவானாலும் எனக்கு ஆசீர்வாதம்தான்.

அந்தத் தபாலை எதிர்பார்த்திருக்கும்,
பார்வதி.